மூத்தப்பாவின் பற்றரியும் பாலைவனத்து வேன்களும்

போன கிழமை பாடம் முடிந்து வெளியே வரும்போது தரம் பத்து மாணவன் ஒருவன் பின்னால் ஓடி வந்தான். வீட்டில் பார்த்த ஒரு வீடியோவைப் பற்றிய கேள்வி.

"சேர், ஒரு வெள்ளக்காரக் குடும்பம் பெரிய வேனுக்குள்ளயே வீடு கட்டி வெச்சிருக்காங்க. பாலைவனத்துக்குள்ள போய் நிப்பாட்டியிருக்காங்க. ஃபிரிட்ஜ் ஓடுது, லைட் எரியுது, ஃபேன் சுத்துது. சுத்திவர ஒரு கம்பியும் இல்ல. கரண்ட் எங்க இருந்து சேர் வருது?"

"கூரையில சோலார், கட்டிலுக்குக் கீழ பற்றரி" என்றோம்.

"அப்ப இது புதுசா வந்த சாமான்" என்றான்.

புதுசு இல்லை மகன். உன் மூத்தப்பா காலத்துச் சாமான். அவனுக்கு அந்த இடத்தில் சொல்லி முடிக்க நேரம் இருக்கவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறோம். பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். பெரியவர்களுக்கும் இதில் ஒரு கணக்கு இருக்கிறது.

முதலில் எங்கள் ஊர்க் கதை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எங்கள் தெருவுக்குக் கம்பி வரவில்லை. யுத்த காலம். வடக்கில் நிலைமை இன்னும் மோசம். அங்கே டோர்ச்சுக்குப் போடும் சின்னப் பற்றரிகூடத் தடைசெய்யப்பட்ட பொருட்களில் ஒன்று. யாழ்ப்பாணத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோச் செய்தி கேட்டார்கள். எங்கள் பக்கம் அவ்வளவு கஷ்டம் இல்லாவிட்டாலும், மாலையானால் குப்பிலாம்பு. பள்ளி மைக்குக்குப் பற்றரி. வசதியுள்ள வீட்டில் பன்னிரண்டு வோல்ட் பற்றரியில் ஓடும் ஒரு சின்னக் கறுப்பு வெள்ளை டீவி.

எங்கள் மூத்தப்பாவிடம் அப்படி ஒரு டீவியும் பழைய கார் பற்றரியும் இருந்தன. பற்றரி இறங்கினால் சைக்கிள் கெரியரில் வைத்து, டியூப் பட்டியால் இறுக்கிக் கட்டி, சந்தியில் இருந்த சார்ஜ் கடைக்குக் கொண்டுபோக வேண்டும். இன்று கொடுத்தால் நாளை பின்னேரம் கிடைக்கும். சார்ஜ் செய்த திகதியைக் கலண்டரில் பென்சிலால் வட்டமிடுவார். அடுத்த வட்டத்துக்கு எத்தனை நாள் ஆனது என்று எண்ணுவார். டீவியில் படம் ஓரங்களில் இருந்து உள்ளே சுருங்கத் தொடங்கினால், நாடகம் எந்த இடத்தில் நின்றாலும் சரி, எழுந்து போய் நிறுத்திவிடுவார். நாங்கள் அழுதாலும் நிறுத்துவார். கஞ்சன் என்று எங்களுக்குள் பேர் வைத்திருந்தோம்.

1996 மார்ச் மாதம். உலகக் கிண்ணம். 13ஆம் திகதி கல்கத்தாவில் இந்தியாவுடன் அரையிறுதி, 17ஆம் திகதி லாகூரில் அவுஸ்திரேலியாவுடன் இறுதி. மூத்தப்பா அந்தக் கிழமை முழுக்க வேறு எதற்கும் டீவியைத் தொடவிடவில்லை. இறுதிப் போட்டி அன்று முற்றத்தில் பாய் விரித்து, பாதித் தெரு எங்கள் வீட்டில். பின்னேரம் தொடங்கிய மெச் இரவானது. அரவிந்த டி சில்வா நூறைத் தாண்டினார். அந்த நேரத்தில்தான் படத்தின் ஓரங்கள் மெல்ல உள்ளே வரத் தொடங்கின. எல்லாரும் மூத்தப்பாவைப் பார்த்தார்கள். அவர் எழுந்து டீவிக்குப் பக்கத்தில் போய் நின்றார். கையை நீட்டவில்லை. அர்ஜுன ரணதுங்கவின் அடி எல்லைக்கோட்டைத் தொட்டது. தெருவே கத்தியது. அந்தச் சத்தத்துக்குள் அவர் டீவியை நிறுத்திவிட்டார்.

கிண்ணம் கையில் கொடுத்ததை நாங்கள் பார்க்கவில்லை. பிறகு பத்திரிகையில்தான் பார்த்தோம். அந்தப் பற்றரி அதற்குப் பிறகும் பல வருடம் உழைத்தது.

இந்தக் கதையை ஒரு பக்கம் வைத்துவிட்டு, பற்றரியின் கதைக்கு வருவோம்.

வோல்ட்டா 1800இல் முதல் மின்கல அடுக்கைச் செய்தார். அதில் தீர்ந்தது தீர்ந்ததுதான், திரும்ப நிரப்ப முடியாது. 1859இல் பிரான்சில் கஸ்தோன் பிளான்தே என்பவர் இரண்டு ஈயத் தகடுகளைச் சுருட்டி சல்பூரிக்கமிலத்தில் வைத்து, மின்னை உள்ளே விட்டு, பிறகு வெளியே எடுத்துக் காட்டினார். நிரப்பி, எடுத்து, மறுபடி நிரப்பக்கூடிய முதல் பற்றரி அது. 1881இல் கமீய் ஃபோர் தகட்டின் மேல் ஈயப் பசையைப் பூசி அதன் கொள்ளளவைக் கூட்டினார். இன்று லொறியில் இருக்கும் ஈயப் பற்றரி அதே குடும்பம்தான். நூற்றறுபது வருடத்துக்கு மேலாகியும் அடிப்படை மாறவில்லை.

காருக்குள் பற்றரி நிரந்தரமாக வந்ததற்குக் காரணம் ஸ்டார்ட்டர். முன்பு கைப்பிடியைச் சுற்றித்தான் எஞ்சினை எழுப்பினார்கள். அது திருப்பி அடித்துக் கை முறிந்தவர்கள் பலர். 1912இல் கடிலாக் கார்களில் சார்ள்ஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் வந்தது. இந்த இடத்தைக் கவனியுங்கள். காரின் பற்றரி சில விநாடிக்குப் பெரிய பலத்தைக் கொடுத்துவிட்டு உடனே நிரம்பிக்கொள்வதற்காகச் செய்யப்பட்டது. தகடுகள் மெல்லியவை. மணிக்கணக்காக மெல்ல மெல்ல அடிவரை எடுத்தால், தகட்டில் ஈய சல்பேற்று படிந்து கெட்டியாகி, திரும்பக் கரையாமல் போகும். பற்றரி செத்துவிடும். ஆழமாக எடுப்பதற்கென்று தடித்த தகட்டோடு செய்த பற்றரி வேறு. கோல்ஃப் மைதானத்து வண்டிகளில் ஓடுவது அந்த வகை. வேன் வீட்டுக்காரர்கள் நீண்டகாலம் அதைத்தான் தேடி வாங்கினார்கள்.

கம்பி இல்லாத வாழ்க்கையும் அமெரிக்காவுக்குப் புதிதல்ல. 1930களின் நடுப்பகுதியில் அங்கே பண்ணை வீடுகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் இருந்தது. மற்றவர்களில் பலர் கூரையில் சின்னக் காற்றாடி பூட்டி, அதால் ஒரு பற்றரியை நிரப்பி, ரேடியோ கேட்டார்கள். 1935இல் கிராமிய மின்சார நிர்வாகம் என்ற அரச அமைப்பு உருவாகி, ஊர் ஊராகக் கம்பி இழுத்தது. கம்பி வந்ததும் காற்றாடிகள் இறங்கின. காற்று எப்போது அடிக்கும், பற்றரி எவ்வளவு தாங்கும் என்று பார்க்கும் பழக்கமும் அதோடு போய்விட்டது. எங்கள் தெருவில் சார்ஜ் கடை மூடப்பட்டதும் இதே கதைதான். அங்கே முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் நடந்தது, இங்கே அறுபது வருடம் பிந்தி நடந்தது.

வேன் வீடுகளும் முதலில் மின்சாரத்தை நம்பி வரவில்லை. ஜெர்மனியில் வெஸ்ட்ஃபாலியா என்ற கொம்பனி 1951இல் வொக்ஸ்வாகன் வேனைத் தங்கும் வண்டியாக மாற்றத் தொடங்கியது. அந்தக் கால வண்டிகளில் சமையல் காஸில். குளிர்சாதனப் பெட்டியையும் பல வண்டிகளில் நெருப்பில்தான் ஓட்டினார்கள். நெருப்பில் குளிரா என்று சிரிக்காதீர்கள். 1922இல் சுவீடனில் ஃபொன் பிளாட்டன், முன்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள், அமோனியாவைச் சூடாக்கி அதன் சுழற்சியால் குளிர் உண்டாக்கும் பெட்டியைச் செய்தார்கள். நம் நாட்டிலும் பழைய ஆட்கள் மண்ணெண்ணெய் ஃபிரிட்ஜைப் பார்த்திருப்பார்கள். பற்றரியின் வேலை இரவில் ஒன்றிரண்டு சின்ன லைட் எரிப்பது மட்டும்தான். அதுவும் இறங்கினால் எஞ்சினையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டு நிரப்ப வேண்டும்.

இனிச் சூரியன். 1954 ஏப்ரல் 25ஆம் திகதி அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் சேப்பின், ஃபுல்லர், பியர்சன் மூவரும் சிலிக்கன் சோலார் கலத்தை உலகுக்குக் காட்டினார்கள். விழுகிற வெயிலில் சுமார் 6 வீதம்தான் மின்சாரமானது. விலையோ யானை விலை. வாங்க ஆள் இல்லை. அதற்கு முதல் பெரிய வேலை கிடைத்தது விண்வெளியில். 1958 மார்ச் 17, நாங்கள் கிண்ணம் வென்ற அதே திகதி, அமெரிக்கா வான்காட் 1 என்ற சின்னச் செய்மதியை அனுப்பியது. அதில் இரண்டு ஒலிபரப்பிகள். ஒன்று வெறும் பற்றரியில், மற்றது சோலார் கலங்களில். பற்றரியில் ஓடியது அந்த வருட நடுவிலேயே நின்றுவிட்டது. சோலாரில் ஓடியது 1964 வரை பேசிக்கொண்டே இருந்தது. கம்பி போக முடியாத இடத்தில் சோலாருக்கு வேலை இருக்கிறது என்று எல்லாருக்கும் விளங்கியது.

அதைத் தரைக்கு இறக்கியவர் எலியட் பேர்மன். எக்ஸான் எண்ணெய்க் கொம்பனியின் பணத்தில் 1973இல் தொடங்கிய நிறுவனத்தில், ஒரு வாட்டுக்கு 100 டொலராக இருந்த விலையை 20 டொலராகக் குறைத்தார். முதல் வாடிக்கையாளர்களில் முக்கியமானவர்கள், மெக்சிக்கோ வளைகுடாவில் கடலுக்குள் நிற்கும் எண்ணெய் மேடைகள். இரவில் கப்பல் மோதாமல் இருக்க அங்கே எச்சரிக்கை விளக்கு எரிய வேண்டும். எண்ணெய்க்காரர்கள்தான் சோலாரை வளர்த்தார்கள் என்பது வரலாற்றின் வேடிக்கைகளில் ஒன்று.

பழைய சோலார் பெனலை எண்ணிப் பாருங்கள், பெரும்பாலும் 36 கலங்கள் இருக்கும். ஒரு கலம் ஏறக்குறைய அரை வோல்ட் கொடுக்கும். 36 சேர்ந்தால் 18 வோல்ட்டுக்குக் கிட்ட வரும். பன்னிரண்டு வோல்ட் ஈயப் பற்றரியை முழுதாக நிரப்ப 14 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். வெயில் சூட்டில் பெனலின் வோல்ட் குறையும். அந்தக் குறைவுக்கும் இடம் விட்டுத்தான் 36. அதாவது பெனலின் உருவத்தையே தீர்மானித்தது பற்றரி.

1978இல் கலிபோர்னியாவில் ரியல் கூட்ஸ் என்ற கடை சோலார் பெனலைச் சாதாரண ஆட்களுக்குச் சில்லறையில் விற்கத் தொடங்கியது. வாங்கியவர்களில் பலர் நகரத்தை விட்டு மலைக்காட்டில் குடியேறியவர்கள். சோலார் மெல்ல வேன் கூரைக்கும் ஏறியது. அரிசோனா பாலைவனத்தில் குவார்ட்ஸைட் என்று ஒரு சிற்றூர். நிரந்தரமாக வாழ்பவர்கள் சில ஆயிரம் பேர்தான். குளிர்காலம் வந்தால் வடக்கில் இருந்து வேன் வீடுகள் சாரிசாரியாக அங்கே இறங்கும். 1983இல் இருந்து அந்த நாட்டின் நில முகாமைத்துவப் பணியகம், செப்டெம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை நீண்டகாலம் தங்குவதற்கென்று அரச காணியை அங்கே ஒதுக்கியிருக்கிறது. கம்பி இல்லாத வெறும் தரை. இப்படித் தங்குவதை அவர்கள் 'பூன்டொக்கிங்' என்கிறார்கள். அந்தச் சொல் பிலிப்பீன்ஸ் நாட்டின் தகாலொக் மொழியில் மலையைக் குறிக்கும் 'புன்டொக்'. அங்கே சண்டைக்குப் போன அமெரிக்கச் சிப்பாய்கள் ஊருக்குக் கொண்டுவந்த சொல். ஏழைகளின் மலைக்குப் பெயரான சொல் பணக்காரர்களின் பொழுதுபோக்குக்குப் பெயராகிவிட்டது.

அதே காலத்தில் நம் நாட்டிலும் சோலார் வந்துவிட்டது என்பதை நம் பிள்ளைகள் அறிவதில்லை. 1997இல் இருந்து உலக வங்கியின் உதவியோடு, கம்பி போகாத கிராம வீடுகளுக்குக் கடனில் சோலார் பூட்டும் திட்டங்கள் நடந்தன. பொதுவாக நாற்பது ஐம்பது வாட் பெனல் ஒன்று, ஒரு பற்றரி, சில லைட், ஒரு கறுப்பு வெள்ளை டீவி. 2011 வரையில் ஒரு இலட்சத்துக்கும் அதிகமான வீடுகள் இப்படி வெளிச்சம் கண்டன. அந்தப் பெட்டியோடு 'கொன்ட்ரோலர்' என்ற சின்னக் கருவி வந்தது. பற்றரி ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் அது தானாகவே லைட்டை நிறுத்திவிடும்.

மூத்தப்பா செய்த வேலை அதுதான். படம் சுருங்கினால் நிறுத்து. அவரே எங்கள் வீட்டுக் கொன்ட்ரோலர்.

இது எங்களுக்கு விளங்கியது 2022இல். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு. பிள்ளைகளுக்குப் படிப்பு இல்லை, வயதானவர்களுக்கு உறக்கம் இல்லை. நாங்களும் கடன் பட்டு ஓர் இன்வேட்டரும், பழைய லொறிப் பற்றரி ஒன்றும் வாங்கினோம். லைட், ஃபேன், டீவி, வைஃபை எல்லாவற்றையும் கொழுவினோம். இன்வேட்டர் கீ கீ என்று கத்தும் வரை ஓடவிட்டோம். கத்தி நின்றால் 'சார்ஜ் முடிந்தது' என்று நினைத்தோம். பல இன்வேட்டர்கள் கத்துவது பற்றரி பத்தரை வோல்ட்டுக்குக் கிட்ட இறங்கிய பிறகுதான் என்பதும், ஈயப் பற்றரிக்கு அது கழுத்தளவு வெள்ளம் என்பதும் எங்களுக்குத் தெரியாது. பற்றரித் தண்ணியும் பார்க்கவில்லை. நான்கு மாதத்தில் பற்றரி போய்விட்டது. விற்றவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கொன்றது நாங்கள். பயிற்சிக் கலாசாலையில் படித்து, ஆம்பியரும் வோல்ட்டும் கரும்பலகையில் எழுதிக் கொடுக்கும் நாங்கள்.

மூத்தப்பா அஞ்சாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை.

பிறகு ஒரு நாள் உட்கார்ந்து 1996இன் கணக்கைப் போட்டுப் பார்த்தோம். அந்தச் சின்ன டீவிக்குச் சுமார் 18 வாட் என்று வைப்போம். ஒரு மெச் எட்டு மணித்தியாலம் என்றால் 144 வாட்-மணி. இரண்டு மெச்சுக்கு 288. பற்றரி 60 ஆம்பியர்-மணி. பன்னிரண்டால் பெருக்கினால் 720 வாட்-மணி. பழையது என்பதால் மூன்றில் இரண்டு பங்குதான் தேறும் என்றால் 480. ஈயப் பற்றரியைப் பாதிக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது பொது விதி. பாதி 240. அந்த இரவு அவர் பாதியைக் கொஞ்சம்தான் தாண்டினார். அதுவும் ஒரேயொரு முறை, அந்த ஒரு நாலு ஓட்டத்துக்காக. கஞ்சன் இல்லை அவர். கணக்குத் தெரிந்தவர்.

அரிசோனாவில் நிற்கும் வேன்காரரும் இந்தக் கணக்கைத்தான் போடுகிறார். ஐந்து வாட் லைட் நாலு, ஐந்து மணித்தியாலம்: 100. முப்பது வாட் ஃபேன் எட்டு மணித்தியாலம்: 240. போன்கள்: 50. ஐம்பது வாட் குளிர்சாதனப் பெட்டி விட்டுவிட்டு ஓடி, மொத்தம் எட்டு மணித்தியாலம்: 400. ஆக ஒரு நாளைக்கு 790 வாட்-மணி. 100 ஆம்பியர்-மணி ஈயப் பற்றரியில் 1200 இருக்கிறது, ஆனால் எடுக்கக்கூடியது 600தான். போதாது, இரண்டு வேண்டும். பெனல் 200 வாட் என்றால், நல்ல வெயில் ஐந்து மணித்தியாலத்துக்கு 1000. சூடு, தூசு, கம்பி இழப்பு என்று கால்வாசி போனால் 750. அதுவும் போதாது. ஆகவே 300 வாட் பூட்டுகிறார், அல்லது ஃபேனைக் குறைக்கிறார்.

இப்போது லிதியம் வந்து இந்தக் கணக்கை இலகுவாக்கியிருக்கிறது. 1991இல் சோனி கொம்பனி லிதியம் அயன் பற்றரியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1997இல் அமெரிக்காவின் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ஜோன் குடினஃப் குழுவினர் லிதியம் இரும்பு பொஸ்பேற்று வகையைப் பற்றி வெளியிட்டார்கள். லிதியம் பற்றரிக்காக 2019இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் குடினஃப் ஒருவர். இந்த வகை இலகுவில் தீப்பிடிக்காது, பாரம் குறைவு, 80 வீதம் வரை எடுத்தாலும் பல வருடம் நிற்கும். வேன்காரரின் இரண்டு ஈயப் பற்றரி செய்த வேலையை ஏறக்குறைய இது ஒன்றே செய்யும். விலையும் சரிந்துவிட்டது. ஆனால் எண்ணாமல் வாங்கினால் லிதியமும் இருட்டில்தான் விடும்.

இன்னொன்று. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்றால் ஏற்பட்ட கோளாறு என்றார்கள், நாடு முழுக்க இருண்டது. கூரையில் சோலார் உள்ள வீடுகளிலும் பெரும்பாலும் மின்சாரம் இல்லை. "இவ்வளவு செலவழித்தும் ஏன்?" என்று பலர் எம்மிடம் கேட்டார்கள். நம் ஊரில் பூட்டியிருப்பதில் பெரும்பாலானவை மின்சாரசபைக் கம்பியோடு சேர்ந்து ஓடுபவை. கம்பி செத்தால் அதுவும் தானாக நின்றுவிடும். திருத்த வரும் ஊழியருக்குக் கம்பியில் மின் ஏறி உயிராபத்து வரக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. பில் குறைப்பதற்கு அது நல்ல சாமான். இருட்டில் எரிய வேண்டும் என்றால் பற்றரியும், அதற்கேற்ற இன்வேட்டரும் வேண்டும். இரண்டும் ஒன்றென நினைத்துக் காசு கொடுக்காதீர்கள்.

ஆகவே வீட்டுக்கோ கடைக்கோ பள்ளிக்கோ பாடசாலைக்கோ பற்றரி வாங்க முன்னர்:

1. எது எது ஓட வேண்டும், எத்தனை வாட், எத்தனை மணித்தியாலம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பெருக்கிக் கூட்டுங்கள். அந்தத் தாள் இல்லாமல் கடைக்குப் போகாதீர்கள்.

2. ஸ்டார்ட் பற்றரியை வாங்காதீர்கள். ஆழமாக எடுக்கும் வகையா என்று கேளுங்கள்.

3. ஈயப் பற்றரி என்றால் பாதியோடு நிறுத்துங்கள். மாதம் ஒரு முறை பற்றரித் தண்ணி பாருங்கள். காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். சார்ஜ் ஆகும்போது ஐதரசன் வரும், பக்கத்தில் நெருப்புக் கூடாது.

4. பொது இடம் என்றால் ஒருவரைப் பொறுப்பு வையுங்கள். எல்லாருக்கும் பொதுவான பற்றரியை யாரும் பார்ப்பதில்லை.

மூத்தப்பா மௌத்தாகிப் பல வருடம். அல்லாஹ் அவரைப் பொருந்திக்கொள்வானாக. அவருடைய கலண்டர்கள் எதுவும் எங்களிடம் இல்லை. பழைய காகிதம் என்று எரித்துவிட்டோம். இருந்திருந்தால் வகுப்பில் கொண்டுபோய் மாட்டி வைத்திருப்போம்.

உங்கள் வீட்டில் அந்தக் காலத்து ஆட்கள் இருந்தால் இன்றே கேளுங்கள். பற்றரியில் டீவி பார்த்த கதை, சார்ஜ் கடைக்குப் போன கதை, வாடியிலும் வயல் காவலிலும் லைட் எரித்த கதை. கேட்டதைக் கீழே எழுதுங்கள். அந்த மாணவனுக்கு நாங்கள் காட்ட வேண்டும்.